சென்சார் சொல்லும் நேரமும் வாய்க்கால் வரும் நேரமும்

ஒவ்வொரு ஜனவரியிலும் புனே மாவட்டத்தின் பாராமதியில் ‘கிருஷிக்’ என்ற வேளாண் கண்காட்சி நடக்கிறது. அரங்குகளைச் சுற்றுவதைவிட நிலத்தில் நிற்கும் பயிரைப் பார்க்கத்தான் விவசாயிகள் வருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அவர்கள் பார்க்க விரும்புவது ஒரு கரும்புத் தோட்டம். நடுவே ஒரு கம்பம். அதில் வெயில், காற்று, மழை, காற்றின் ஈரம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள். அடியில் மண்ணுக்குள் புதைத்த சென்சார்கள். இந்த அளவுகளும் செயற்கைக்கோள் படமும் சேர்ந்து ஒரு கணினி மாதிரிக்குப் போக, இன்று எவ்வளவு நீர், எவ்வளவு உரம் என்ற செய்தி விவசாயியின் கைபேசிக்கு மராட்டியில் வருகிறது. 1971இல் தொடங்கிய பாராமதி வேளாண் வளர்ச்சி அறக்கட்டளை, மைக்ரோசாஃப்டோடும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. முதல் கட்டமாகச் சுமார் ஆயிரம் விவசாயிகளைச் சேர்த்தார்கள். 2025 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா இதைப் பற்றிப் பேச, பாராமதி உலகச் செய்தியானது.

கருவி வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. அதனால் நீர் மிஞ்சுகிறதா என்றால் பதில் அத்தனை சுலபமில்லை. முதல் கேள்வி வரப்போடு முடிந்துவிடும். இரண்டாவது வரப்பைத் தாண்டிக் கால்வாய், மின்கம்பி, அணை, புனே நகரத்துக் குழாய் என்று போய்க்கொண்டே இருக்கும். சென்சார் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கும் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

புனே மாவட்டத்தின் நீர் விசித்திரமானது. மேற்கே லோனாவளா, தாம்ஹிணி மலைப்பகுதியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். நூறு கிலோமீட்டர் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் தௌண்டு, பாராமதி, இந்தாபூர் வட்டங்களில் 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மேற்கில் பெய்வதைத் தேக்கிக் கிழக்குக்குக் கொண்டுபோவதற்காகவே ஆங்கிலேயர் காலத்தில் கடக்வாஸ்லா அணையும் நீரா கால்வாயும் வந்தன. பஞ்சத்திலிருந்து காக்க வந்த கால்வாய் கரும்பை வளர்த்தது; கரும்பு கூட்டுறவு ஆலைகளை வளர்த்தது; ஆலைகள் மகாராஷ்டிர அரசியலை வளர்த்தன. நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: அங்கே வயல் வயலாக நிற்கும் கோ 86032 ரகம் கோவைக் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் பிறந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ‘நீரா’ என்று தங்கள் ஆற்றின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நடும் ‘ஆட்சாலி’ கரும்பு பதினாறு முதல் பதினெட்டு மாதம் நிலத்தில் நிற்கும். அதற்கு இரண்டு மீட்டர் உயர நீர் தேவை என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 80 லட்சம் லிட்டர். வழியில் ஒரு சொட்டும் வீணாகாது என்று கொண்டாலும் ஒரு டிஎம்சி நீர் 3,500 ஏக்கருக்குத்தான் வரும். கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய நான்கு அணைகளும் நிரம்பினாலே சுமார் 29 டிஎம்சிதான். அதிலிருந்துதான் புனே நகரமும் குடிக்க வேண்டும். மாநிலச் சாகுபடிப் பரப்பில் நான்கு சதவீதம்கூட இல்லாத கரும்பு, பாசன நீரில் எழுபது சதவீதம் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமே எழுதியிருக்கிறது. அந்த எண்ணில் முன்பின் இருந்தாலும் திசை மாறாது. நீர் மேலாண்மைக் கருவி எதுவானாலும் இங்கே கரும்பில்தான் தன் திறமையைக் காட்டியாக வேண்டும்.

இனி அந்த மண்ணுக்குள் இருக்கும் கருவிக்கு வருவோம். பதம் பார்ப்பது விவசாயிக்குப் புதிதில்லை. ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டை பிடிக்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்து மடை திறப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சென்சார் செய்வதும் இதையேதான். ஆனால் வேர் இருக்கும் ஆழத்தில், இரவு பகலாக, எண்ணாக.

அதில் இரண்டு வகை. மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளப்பது ஒன்று. அந்த நீரை உறிஞ்ச வேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அளப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் பழையதும் எளியதும் டென்சியோமீட்டர். நீளக் குழாய், அதன் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் குப்பி, மேலே ஒரு வெற்றிடமானி. பதிக்கும் முன் குப்பியை ஓர் இரவு நீரில் ஊறவைக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்ற வேண்டும், காற்றுக் குமிழி தங்கக் கூடாது என்பதற்காக. துரப்பணத்தால் குழி போட்டு, அதே மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, அதற்குள் குழாயை இறக்கி, சுற்றிலும் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். மண் காய்ந்தால் குப்பி வழியாக நீரை இழுக்கும், முள் ஏறும். பாய்ச்சிய மறுநாள் 10, 15 சென்டிபாரில் நிற்கும் முள் 40, 50ஐத் தொடும்போது பல பயிர்கள் நீர் கேட்கத் தொடங்கியிருக்கும். 80ஐத் தாண்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். மறுபடி நீர் நிரப்ப வேண்டும். மின்சாரம் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். ஆனால் வாரம் ஒருமுறையாவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் கிடைக்காததால்தான் இது பரவவில்லை.

இப்போது சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் முதல் வகை. மின்புலத்துக்கு நீர் காட்டும் எதிர்வினை காய்ந்த மண்ணைவிடப் பல மடங்கு அதிகம்: நீரின் மின்கடவாப்பொருள் மாறிலி 80; காய்ந்த மண்ணுடையது 3 முதல் 5 வரை. இந்த வித்தியாசத்தை வைத்து ஈரத்தைச் சதவீதமாகச் சொல்கிறது கருவி. அந்தச் சதவீதத்தில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் 25 சதவீத ஈரம் என்றால் பயிர் சொகுசாக இருக்கும். தக்காணத்தின் கரிசலில் அதே 25 சதவீதம் என்றால் வாடலை நெருங்கிக்கொண்டிருக்கலாம். களிமண் அவ்வளவு இறுக்கமாக நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தந்த மண்ணுக்கு அளவு திருத்தாத சென்சார் எண் சொல்லுமே தவிரச் சேதி சொல்லாது.

கரிசல் இன்னொரு வேலையும் செய்யும். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். வெடிப்பு சென்சாரை ஒட்டி விழுந்தால் அது அளப்பது காற்றை. பாய்ச்சிய நீர் வெடிப்பு வழியாக நேராக அடிக்கு இறங்கினால், மேலே இருக்கும் சென்சார் ‘காய்ச்சல்’ என்னும், கீழே இருப்பது ‘வெள்ளம்’ என்னும். நீண்ட காலப் பாசனத்தால் உப்புத் தட்டிய நிலங்களும் கால்வாய்ப் பகுதியில் இருக்கின்றன. உப்பு கூடினால் மலிவான மின்தேக்கி வகைக் கருவி ஈரத்தைக் கூட்டிச் சொல்லும். இத்தனைக்கும் ஒரு சென்சார் பார்ப்பது தன்னைச் சுற்றிய ஒரு கைப்பிடி மண்ணை. எங்கே புதைப்பது என்று தீர்மானிப்பவரின் கண்தான் அந்தக் கருவியின் பாதித் திறமை. இதுபோக, சுண்டெலி கம்பியைக் கடிக்கும், மூன்று மீட்டர் வளர்ந்த கரும்பு ரேடியோ அலையை மறைக்கும், கம்பத்தின் சோலார் தகடு காணாமல் போகும். விளம்பரப் படங்களில் இவை வருவதில்லை.

இந்த நோக்கில் எனக்குப் பிடித்த கருவி பாராமதியுடையதல்ல, கோவையுடையது. கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் வடிவமைத்த கையடக்க மண் ஈரங்காட்டியில் எண்ணே கிடையாது. இரண்டு கம்பிகளை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு விளக்கு எரியும். நீலம், பச்சை என்றால் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் ஸ்டிர்சாக்கர் உருவாக்கிய ‘கமீலியன்’ கருவியும் இதே வழிதான்: நீலம், பச்சை, சிவப்பு. 2013 முதல் மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு பாசனத் திட்டங்களில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் தேவைக்கு மேல் பாய்ச்சி உரச் சத்தை வேருக்குக் கீழே கழுவி விட்டிருக்கிறோம் என்று விவசாயிகளே கண்டுகொண்டார்கள். பாய்ச்சும் தடவை குறைந்தது, விளைச்சல் கூடியது, கடைமடைக்காரரோடு சண்டை குறைந்தது. அங்கே எந்த வால்வும் தானாகத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மண்ணைத் தோண்டாமல் வானத்தைப் பார்த்தும் கணக்கிடலாம். வெயில், காற்று, ஈரம் தெரிந்தால் பயிர் இன்று எவ்வளவு நீரை ஆவியாக விட்டிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் கையேடு இதற்கு உலகம் முழுதும் வழிகாட்டி. இந்தியாவில் இந்தத் துறை பிறந்ததே புனேயில்தான். 1932இல் வானிலைத் துறை அங்கே வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் பாலக்காட்டில் பிறந்த எல்.ஏ. ராமதாஸ், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இல்லாமல் சற்று மேலே நிற்கிறது என்று அவர் கண்டது இன்றும் ‘ராமதாஸ் அடுக்கு’ என்றே வழங்குகிறது. பயிரின் உயரத்தில் நடக்கும் வானிலை வேறு, வானிலை நிலையத்தில் அளக்கும் வானிலை வேறு என்பதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பிடித்துக்கொண்டவர். ராஹுரி வேளாண் பல்கலைக்கழகம் தரும் ‘புலே இரிகேஷன் ஷெட்யூலர்’ செயலி அந்த மரபின் இன்றைய பேரன். செலவில்லாத வழி; சிறு விவசாயிக்குப் பல சமயம் இதுவே போதும். திராட்சைக்காரர்கள் மட்டும் வேறு கணக்கில் வானிலைக் கம்பம் வாங்குகிறார்கள். அக்டோபர் கவாத்துக்குப் பின் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்று தெரிந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து அடிப்பதில் சில தடவை மிஞ்சும். நீர் அங்கே இரண்டாம் பட்சம்.

சென்சார் ‘இப்போது பாய்ச்சு’ என்று சொல்லிவிட்டது. யார் போய்த் திறப்பது? தானியங்கி என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. புனேக்காரர்கள் உலகத்துக்கு முன்னோடி என்று சொல்லிக்கொள்ள உரிமை உள்ள இடமும் இதுதான். சந்தோஷ் ஓஸ்வால் என்ற பொறியாளர், வயது எண்பதைத் தாண்டிய தன் தாத்தா மோட்டாரைப் போடுவதற்காகவே வயலுக்கு நடையாய் நடந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர். பின்னாளில் புனேயில் ஓசியன் அக்ரோ ஆட்டோமேஷன் என்ற சிறு நிறுவனம் தொடங்கி ‘நானோ கணேஷ்’ என்ற கருவியைச் செய்தார். ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒரு கைபேசியைப் பிணைத்தால், வீட்டிலிருந்தே அழைத்து மின்சாரம் வந்திருக்கிறதா என்று கேட்கலாம், மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். 2009இல் நோக்கியா நடத்திய புத்தாக்கப் போட்டியில் வளரும் சந்தைகளுக்கான பெரிய பரிசு அதற்குக் கிடைத்தது. கொங்குப் பகுதியில் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ இல்லாத கிணற்றைத் தேட வேண்டியிருக்கும் இன்றைய நிலையில், கைபேசி வழி பம்புசெட் கருவிக்குத் தமிழக வேளாண் பொறியியல் துறை மானியம் தரும் நிலையில், அந்தக் கருவியின் அருமை நமக்கு உறைக்காமல் போகலாம்.

மகாராஷ்டிரத்தில் அது ஏன் இவ்வளவு வேண்டப்பட்டது என்பதற்கு மின்சார அட்டவணையைப் பார்க்க வேண்டும். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் சுழற்சி முறையில் வருகிறது: சில நாள் பகலில், சில நாள் நள்ளிரவில். ஜுன்னர், ஆம்பேகாவ், ஷிரூர் வட்டங்களில் சிறுத்தைகள் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துவது கரும்புக் காட்டுக்குள்தான். இரவு முறை வரும் வாரத்தில் டார்ச் விளக்கும் கையில் தடியுமாக, கைபேசியில் சத்தமாகப் பாட்டு போட்டுக்கொண்டு, இரண்டு பேராகப் போய் மோட்டாரைத் தட்டிவிட்டு ஓடி வருகிறார்கள். சிறுத்தை தாக்கிய ஊர்களில் மக்கள் சாலையை மறிக்கும்போது வைக்கும் கோரிக்கைகளில் ‘பகலில் மின்சாரம் கொடு’ என்பது தவறாமல் இருக்கும். அந்த ஊர்களில் கைபேசி ஸ்டார்ட்டர் உயிர் காக்கும் கருவி. நீர் மிச்சத்தைக் காட்டி அதை விற்பவருக்குத் தன் சரக்கின் மதிப்பு தெரியவில்லை என்பேன்.

கைபேசி ஸ்டார்ட்டருக்கு முன்பிருந்தே ஒரு மலிவான தானியங்கி ஊர் ஊராக இருக்கிறது: ஆட்டோ ஸ்விட்ச். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும், போகும்வரை ஓடும். ஒருவர் வைத்தால் சௌகரியம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் எல்லோரும் வைத்தால் விபரீதம். மோட்டார் கிளம்பும்போது ஓடும் நிலையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இருபது மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் மின்னழுத்தம் படுத்துவிடும், ஃபியூஸ் போகும், டிரான்ஸ்ஃபார்மரே எரியும். எரிந்தால் மாற்று வரும்வரை எல்லோர் பயிரும் காயும். மின் பகிர்மான நிறுவனமான மகாவிதரண் ஆட்டோ ஸ்விட்சைக் கழற்றுங்கள், கெப்பாசிட்டர் மாட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரும் கழற்றுவதாக இல்லை. கழற்றுபவரின் மோட்டார் கடைசியில் கிளம்பும். அதற்குள் கிணற்று மட்டம் கீழே போயிருக்கும். மோட்டாருக்கு மோட்டார் சில நிமிடம் தள்ளிக் கிளம்பும்படி ஒரு காலதாமத ரிலே வைப்பது பெரிய செலவில்லை. இருபது பேரும் ஒப்புக்கொண்டால்தான் பயன். 2024 ஏப்ரலிலிருந்து மகாராஷ்டிரத்தில் 7.5 குதிரைத்திறன் வரையுள்ள பம்புகளுக்கு மின்சாரம் இலவசம்; மோட்டாரை நிறுத்த விவசாயிக்கு இருந்த கடைசிக் காசுக் காரணமும் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலவச மின்சாரத்தில் வாழும் தமிழ்நாட்டு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, விவசாயி மூன்று கடிகாரங்களைப் பார்த்து நீர் பாய்ச்சுகிறார். பயிரின் கடிகாரம் ஒன்று. சென்சாருக்குத் தெரிந்தது அது மட்டும். மின்சாரத்தின் கடிகாரம் இரண்டாவது. கால்வாய்ச் சுற்றின் கடிகாரம் மூன்றாவது, அதுவே மற்ற இரண்டையும் அடக்கி ஆள்வது. நீரா கால்வாயிலும் கடக்வாஸ்லாவிலிருந்து வரும் முட்டா கால்வாயிலும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி. அடுத்த சுற்று எப்போது என்பதை அணையின் இருப்பையும் நகரத்தின் தாகத்தையும் அரசியல் கூட்டங்களையும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். வாய்க்காலில் நீர் வந்த நாளில் சென்சார் நீலம் காட்டினாலும் எவரும் மடையை அடைக்க மாட்டார். அடைத்தால் அந்த நீர் அடுத்த வயலுக்குப் போகும். அடைத்தவருக்குச் சிவப்பு காட்டும் நாளில் வாய்க்கால் காய்ந்திருக்கும். மண் நிரம்பியிருந்தும் பாய்ச்சுவது அறியாமை என்று எழுதுகிறவர்கள் ஒரு பருவம் கடைமடையில் விவசாயம் பார்க்கட்டும்.

சென்சார் சொன்ன நேரத்தில் பாய்ச்ச வேண்டுமானால் நீர் தன் கையில் இருக்க வேண்டும். அதனால் சொட்டுநீரும் தானியங்கி வால்வும் வைப்பவர்கள் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டை ஒன்றையும் வெட்டுகிறார்கள். அரசும் மானியம் தருகிறது. ஓடிப் போகும் மழைநீரைப் பிடிப்பதற்காக என்பது பெயர். நடப்பில் பல குட்டைகள் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இறைத்துத்தான் நிரம்புகின்றன. நிலத்துக்கு அடியில் வெயில் படாமல், எல்லோருக்குமாக இருந்த நீர், வெட்டவெளியில் ஆவியாகிக்கொண்டு ஒருவருடையதாகிவிடுகிறது. புனேயைச் சேர்ந்த வாட்டர்ஷெட் ஆர்கனைசேஷன் டிரஸ்ட்டின் ஈஷ்வர் காளே 2017இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் இதை விரிவாக எழுதினார். குட்டையிலிருந்து கீழே உள்ள வயல் சொட்டுச் சொட்டாகக் கச்சிதமாகப் பாயும். அந்த வயலை மட்டும் அளந்தால் சிக்கனத்தின் உச்சம்தான்.

பாராமதித் திட்டத்தின் பேரில் சொல்லப்படும் நீர் மிச்சக் கணக்கையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எதோடு ஒப்பிட்டு மிச்சம்? பழைய முறையில் வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டுப் பாய்ச்சிய கரும்பு ஒரு பக்கம். மறுபக்கம் குழித்தட்டு நாற்று, அகலப் பார், சொட்டுநீர், குழாய் வழி உரம், மண் பரிசோதனை, இவற்றோடு சென்சாரும் கணினியும். வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். அதில் சென்சாரின் பங்கு எவ்வளவு? சொட்டுநீர் மட்டுமே பாய்ச்சும் நீரைக் கணிசமாகக் குறைக்கும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆர்.கே. சிவனப்பன் 1970களில் ஆய்வு செய்த காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. சென்சாரை மதிப்பிட வேண்டுமானால் நடுவில் மூன்றாவதாக ஒரு வயல் வேண்டும்: எல்லாம் அதே, சென்சார் மட்டும் இல்லை. அந்த மூன்றாவது வயலின் கணக்கோடு முடிவுகள் வெளிவரும்வரை ஆயிரம் விவசாயிகளின் அனுபவத்தை நல்ல வேளாண்மைக்கான சான்றாக ஏற்கலாம். கருவிக்கான சான்றாக ஏற்பதற்கில்லை. ஆலைகளுக்கு இதில் ஆர்வம் வந்திருப்பது வேறு காரணத்துக்காக என்று தோன்றுகிறது. எந்த வயலில் சர்க்கரைச் சத்து எப்போது உச்சம் என்று தெரிந்தால் வெட்டு அட்டவணை போடலாம். நியாயமான காரணம்தான்; நீரோடு சேர்த்துக் குழப்பத் தேவையில்லை.

வயலில் மிஞ்சிய நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் சேர்த்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நிலத்தடி நீர் இறங்குகிறதென்று, பயிருக்கு அருகிலேயே தெளிக்கும் சிக்கனமான தெளிப்பான்களுக்கு மானியம் கொடுத்தார்கள். ஃபைஃபர், லின் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கிணறு கிணறாகக் கணக்குப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவு: இறைத்த நீர் கூடியிருந்தது. சிக்கனமானதும் அதிகம் நீர் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள், தரிசாக விட்டிருந்த பரப்பையும் நனைத்தார்கள். 2018இல் குவென்டின் கிராஃப்டனும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பொதுவிதியாகவே எழுதினார்கள். வயலில் ‘வீணாகும்’ நீரில் ஒரு பகுதி கீழே இறங்கிக் கிணறுகளையும் ஓடைகளையும் ஊட்டிக்கொண்டிருந்தது; அதை நிறுத்திவிட்டு மிஞ்சியதையும் பயிருக்கே கொடுத்தால் ஆற்றுக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எடுக்கும் அளவுக்கு வரம்பும் அதை அளக்க மீட்டரும் இல்லாத இடத்தில் சிக்கனக் கருவி விரிவாக்கக் கருவியாகிவிடும். கிழக்குப் புனேயில் மீட்டரும் இல்லை, நடைமுறையில் வரம்பும் இல்லை. ஏக்கர் கணக்கில் தீர்வை கட்டிவிட்டு நீர் எடுப்பதே வழக்கம். சொட்டுநீரில் மிஞ்சிய நீருக்கு இன்னொரு ஏக்கர் கரும்பு நடாதவரைக் காட்டுங்கள். கரும்புக்குச் சொட்டுநீர் கட்டாயம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை 2017 ஜூலையில் முடிவெடுத்தபோதும் கருவியைத்தான் கட்டாயமாக்கியது, அளவை அல்ல.

இதே மாவட்டத்தில் இதை வேறு மாதிரி யோசித்தவர்கள் இருந்தார்கள். புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் படித்து, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்த விஸ்வேஸ்வரய்யா, 1903இல் கடக்வாஸ்லா அணையில் தானியங்கி மதகுகளைப் பொருத்தினார். வெள்ளம் ஏறினால் ஆள் இல்லாமலே திறக்கும், வடிந்தால் மூடிக்கொள்ளும். அணையை உயர்த்தாமலே தேக்கும் நீரைக் கூட்டிக் கொடுத்த அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் பெயரைச் சொன்னால் மதகைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நீரா கால்வாய்க்கு அவர் வகுத்த ‘பிளாக் முறை’யை அதிகம் பேர் சொல்வதில்லை. கால்வாய்த் தலைப்பில் உள்ள சில ஊர்களே கரும்பு போட்டு நீரை முழுதும் உறிஞ்சி, நிலத்தையும் உவராக்குவதைப் பார்த்தவர் அவர். ஆயக்கட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கில் மட்டும் கரும்பு, மீதியில் குறைந்த நீர்ப் பயிர், ஆண்டுதோறும் இடம் மாற்று, நீரை அதிக ஊர்களுக்குப் பரப்பு என்றார். கருவியையும் விதியையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் கொண்டுவந்தார். கருவி நிலைத்தது, விதி கரும்பின் முன் கரைந்தது.

எழுபது ஆண்டு கழித்து, 1972 பஞ்சத்துக்குப் பிறகு, புனேயில் தொழிற்சாலை நடத்திய பொறியாளர் விலாஸ்ராவ் சாளுங்கே புரந்தர் வட்டத்து நாய்காவில் ‘பானி பஞ்சாயத்து’ தொடங்கினார். தலைக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். நிலம் இல்லாதவருக்கும் நீரில் பங்கு. கரும்புக்கு இடமில்லை. துல்லியமான தொழில் கருவிகள் செய்து விற்ற மனிதர் அவர். நீர் விஷயத்தில் முதலில் கருவியைத் தேடவில்லை, பங்கு எவ்வளவு என்பதைத் தீர்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சென்சாரை வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு: அளவான பங்கை எந்தெந்த நாளில் செலவிடுவது என்று அது சொல்லித்தரும்.

நாசிக் மாவட்டத்து வாகாட் அணையில் இன்றைய உதாரணம் இருக்கிறது. அங்கே நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் கனஅளவில் அளந்து நீர் வாங்கி, அளவுக்குப் பணம் கட்டி, உறுப்பினர்களுக்குள் பிரித்துக்கொள்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் அணை இருப்பைப் பார்த்துப் பயிர்த் திட்டம் போடுகிறார்கள். இதற்கென்றே 2005இல் மகாராஷ்டிரம் சட்டம் இயற்றியது; அதே ஆண்டு நீர்வள ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சட்டம் போட்டது. இந்தியாவில் வேறெந்த மாநிலத்தையும்விடக் காகிதத்தில் முன்னால் நிற்பது மகாராஷ்டிரம்தான். கால்வாயையே தானியங்கியாக்கும் வேலையைக் கர்நாடகம் நாராயண்பூர் இடதுகரைக் கால்வாயில் செய்திருக்கிறது: மதகுகள் தாமே அளந்து, தொலைவிலிருந்து வரும் கட்டளைக்குத் திறந்து மூடும். வயலுக்கு வயல் நூறு சென்சார் வைப்பதைவிடக் கிளை வாய்க்காலின் தலைப்பில் நம்பகமான ஓர் அளவு மதகு அதிகம் சாதிக்கும் என்பது என் கணிப்பு. கடைமடைக்காரருக்குத் தன் முறை எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்தால் அவரே மடையை அடைப்பார். 2025இல் மாநில அரசு அறிவித்த மஹாஅக்ரி ஏஐ கொள்கைக்கு முதல் மூன்று ஆண்டுகளில் 500 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வாய்க்கால் மதகுக்கு எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் மிச்சம் பிடிக்கும் மிகப் பெரிய வேலை புனே நகரத்துக்கு அடியிலேயே வரவிருக்கிறது. கடக்வாஸ்லாவிலிருந்து புர்சுங்கி வரை திறந்த கால்வாயாகப் போகும் நீரைச் சுரங்கத்துக்குள் அனுப்பும் திட்டம் அது. கசிவும் ஆவியாதலும் திருட்டும் நின்றால் இரண்டு டிஎம்சிக்கு மேல் மிஞ்சும் என்பது நீர்வளத் துறையின் மதிப்பீடு. மேலே போட்ட கணக்குப்படி ஏழாயிரம் ஏக்கர் கரும்புக்கான நீர். அது தங்களுக்கென்று தௌண்டு, இந்தாபூர் விவசாயிகள் எண்ணுகிறார்கள். வளர்ந்துகொண்டே போகும் நகரமும் அதைத்தான் கண் வைத்திருக்கிறது. இதுவரை கால்வாய்க் கசிவை நம்பியிருந்த கிணற்றுக்காரர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சுரங்கத்தின் இரண்டு வாயிலும் மீட்டர் வைத்து, மிஞ்சும் நீரில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் சொட்டு ஓடுவதற்கு முன் எழுதி வைக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது.